வேலையை விட்டவர் தரவையும் கொண்டு போனால்: தடையாணையா, இழப்பீடா, போலீஸா?

டெல்டாவில் என்ன பெரிய தொழில் ரகசியம் இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ஓர் அரிசி ஆலையின் கணக்குக் கணினியைத் திறந்து பார்க்க வேண்டும். எந்த ஊர் விவசாயி எந்த ரகம் போடுகிறார், சென்ற சம்பாவில் அவர் நெல்லின் ஈரப்பதம் எவ்வளவு, அவருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது, பாலக்காட்டு வியாபாரிக்கு மூட்டை என்ன விலை, எத்தனை நாள் தவணை, யாருக்குக் கடன் கொடுக்கவே கூடாது என்பது வரை அத்தனையும் அதில் இருக்கிறது. ஒரு தலைமுறை வியாபாரம் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

இந்தப் பகுதி வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். ஆள் வேலையை விட்டுப் போன மறுவாரம் முதலாளி என்னைத்தான் முதலில் அழைப்பார். அவருடைய கேள்வி அநேகமாக ஒன்றுதான்: போலீஸுக்குப் போகலாமா, வக்கீலிடம் போகலாமா? வக்கீலிடம் போனால் எந்த வழக்கு? இதற்கு ஒரே பதில் இல்லை. ஆனாலும் பலரும் தவறான கதவைத் தட்டி ஒரு போகத்தையே இழந்துவிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாளிகள் உண்மையில் விரும்புவது, போனவர் எதிர் ஆலையில் வேலை பார்க்கவே கூடாது என்பது. அது நடக்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறிடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று 1967லும், வேலையை விட்ட பிறகும் அது தொடரும் என்றால் செல்லாது என்று 1980லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை. இது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். கணக்கு எழுதும் திறமையும், நெல்லைக் கையில் எடுத்த உடனே ரகம் சொல்லும் கண்ணும் அந்த மனிதருடையவை. அவற்றை விட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்ல முடியாது. அவர் எடுத்துப் போன கோப்பு மட்டுமே வழக்குக்குரிய பொருள்.

இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் அளித்த 289ஆவது அறிக்கையில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்து வரைவையும் இணைத்திருக்கிறது. அது சட்டமாகும்வரை நம்பிக்கை மீறல் (நம்பி ஒப்படைத்த தகவலைத் தவறாகப் பயன்படுத்துவது), ஒப்பந்த மீறல், பதிப்புரிமை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் வழக்கைக் கட்ட வேண்டும். எதைத் தூணாக நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வழக்கு போகும் இடமே மாறிவிடுகிறது.

எப்போது எடுத்தார்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. வேலையில் இருந்தபோது, நாம் கொடுத்த கடவுச்சொல்லை வைத்தே பட்டியலைப் பிரதி எடுத்தாரா? அல்லது வேலையை விட்ட பிறகு, நாம் மாற்ற மறந்த கடவுச்சொல்லைக் கொண்டு வெளியிலிருந்து உள்ளே நுழைந்தாரா? இரண்டாவது வகை, சந்தேகத்துக்கு இடமில்லாத ஊடுருவல். முதலாவதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் இந்த வேறுபாடு பெரிய சண்டையாகவே நடந்தது. அங்கே 1986ஆம் ஆண்டின் கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் முன்னாள் ஊழியர்மேல் நிறுவனங்கள் சிவில் வழக்குப் போடலாம். 2021ல் வான் பியூரன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பார்க்க அனுமதி உள்ள தரவைத் தவறான நோக்கத்துக்காகப் பார்த்தால் அது அந்தச் சட்டத்தின்கீழ் வராது என்று சொல்லிவிட்டது. அதன்பின் கடவுச்சொல் வைத்திருந்த ஊழியர்மேல் வழக்குப் போடுபவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் வணிக ரகசியப் பாதுகாப்புச் சட்டமே பெரிதும் கைகொடுக்கிறது. நம் சட்டம் எழுதப்பட்ட விதம் வேறு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆவது பிரிவில் அனுமதியின்றி நுழைவது ஓர் உட்பிரிவு. அனுமதியின்றித் தரவைப் பதிவிறக்குவது, பிரதி எடுப்பது இன்னோர் உட்பிரிவு. நுழைய அனுமதி இருந்தது என்ற வாதம் இரண்டாவதிலிருந்து அவரைத் தானாகக் காப்பாற்றிவிடாது. ஆனால் பிரதி எடுக்கவும் அனுமதி இருந்தது என்று அவர் சொன்னால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? வாட்ஸாப்பில் “தம்பி, பார்ட்டி லிஸ்ட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சரிபார்த்துவிடு” என்று முதலாளியே அனுப்பிய செய்தியை எதிர்த்தரப்பு நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்திலேயே வழக்கின் பாதி பலம் போய்விட்டது.

சாட்சியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் இது இல்லாமல் நடக்காது. போனவர் பயன்படுத்திய கணினியைப் புதிதாக வந்தவருக்குக் கொடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். விண்டோஸ் கணினியில் எந்த பென் டிரைவ் எந்தத் தேதியில் செருகப்பட்டது என்ற தடம் இருக்கும். மின்னஞ்சல் கணக்கில் எந்தக் கருவியிலிருந்து எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். பல முதலாளிகள் கணக்கு மென்பொருளின் திருத்தப் பதிவையே பெரிதும் நம்புகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்கு அது கட்டாயமும் ஆகிவிட்டது. ஆனால் எந்த வவுச்சரை யார் திருத்தினார் என்பதைக் காட்டத்தான் அது இருக்கிறது; பட்டியலை யார் பிரதி எடுத்தார் என்பதற்கு விடை வேறிடத்தில்தான் கிடைக்கும். கடின வட்டை அப்படியே படி எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, குறித்து வைக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம் 63(4) பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் தர வேண்டும். அதில் முதல் பகுதியை நாமும் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பு இரண்டிலும் இடம்பெறும். பழைய சட்டத்தின்கீழ் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. திரைப்பிடிப்பைக் கலரில் அச்சடித்து வக்கீலிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போதாது.

உள்ளூர் நீதிமன்றத்தில் தடையாணை

என் கணிப்பில் பெரும்பாலான டெல்டா வியாபாரிகளுக்கு இதுதான் முதல் கதவு. காரணம் எளிது: விலைப் பட்டியல் எதிராளி கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம் கூடிக்கொண்டே போகிறது. அறுவடைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புரோக்கர் அழைத்து, “அண்ணே, உங்கள் விலைக்குச் சரியாக ஐந்து ரூபாய் குறைத்தே அவர்கள் கேட்கிறார்கள், உங்கள் விலை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்கும்போது, இரண்டு வருடம் கழித்துக் கிடைக்கும் இழப்பீட்டை வைத்து என்ன செய்வது? முதலில் பயன்பாட்டை நிறுத்த வேண்டும்.

நிறுத்தும் அதிகாரம் உரிமையியல் நீதிமன்றத்திடம் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளையின்கீழ் இடைக்காலத் தடையாணை கேட்கலாம். வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா, தடை விதிக்காவிட்டால் யாருக்கு அதிகப் பாதிப்பு, பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பா என்ற மூன்றையும் நீதிபதி பார்ப்பார். அவசரம் என்று காட்டினால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போகும் முன்பே ஆணை கிடைக்கலாம். அப்படிக் கொடுத்தால் 30 நாளுக்குள் மனுவை விசாரித்து முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆணையை மீறினால் சொத்தை முடக்கலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி எதிர்த்தரப்பின் கணினியில் நம் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும் கேட்கலாம். தரவு அழிந்துபோகும் முன் இதைக் கேட்டவர்களுக்கே பலன்.

வழக்கு மனுவை எதன்மேல் நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, அந்தச் சட்டப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரி முடிவு செய்ய வேண்டிய விவகாரங்களை உரிமையியல் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்கிறது. மனு முழுக்க ஹேக்கிங், ஹேக்கிங் என்றே எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அந்தப் பிரிவைக் காட்டுவார். நம்பிக்கை மீறல், பணி ஒப்பந்தத்தின் ரகசியக் காப்பு நிபந்தனை, பதிப்புரிமை ஆகிய மூன்றின்மேல் நிறுத்தினால் வழக்கு நிற்கும்.

பதிப்புரிமை எங்கே வந்தது என்று கேட்கலாம். பதிப்புரிமைச் சட்டம் தரவுத் தொகுப்பையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை முன்னாள் ஊழியர் எடுத்துப் போன வழக்கில், 1995ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தொகுப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டு தடையும் விதித்தது. ஆனால் அதே நீதிமன்றம் 2006ல் ஒரு வெளிநாட்டு வங்கியின் வழக்கில், வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே ரகசியம் ஆகிவிடாது, இந்தக் காரணத்தைச் சொல்லி ஊழியர் வேறு வேலைக்குப் போவதைத் தடுக்க முடியாது என்ற திசையில் போனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது. பெயர்ப் பட்டியல் பலவீனம். பெயரோடு விலை, தவணை, ஈரப்பதம், பாக்கி என்று உழைத்துச் சேர்த்த தொகுப்பு பலம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவில் இன்னொரு வசதியும் உண்டு: நாம் தொழில் நடத்தும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். ஆள் கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ போயிருந்தாலும் தஞ்சாவூருக்கு வந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

பதிப்புரிமை வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாயை எட்டினால் அது வணிக வழக்காகிவிடும். வணிக வழக்கில் அவசர நிவாரணம் கேட்காவிட்டால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே தடையாணை மனுவை ஆறப்போட்டால் அவசரம் என்ற வாதமே கெட்டுவிடும்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ரகசியத்தை ரகசியமாக வைத்திருந்தோம் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 39ஆவது விதியும் இதைத்தான் கேட்கிறது: தகவல் வெளியே தெரியாததாக இருக்க வேண்டும், அதனால் வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். ஆலையில் ஐந்து பேருக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டில் என்றால் மூன்றாவது நிபந்தனை அங்கேயே விழுந்துவிடும்.

சென்னையில் இழப்பீட்டு மனு

43ஆவது பிரிவின்கீழ் இழப்பீடு கேட்க வேண்டுமானால், கோரும் தொகை 5 கோடி ரூபாய் வரை இருந்தால் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் போக வேண்டும். மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அந்த அதிகாரி. 2003ஆம் ஆண்டின் விதிகள் நான்கு மாதத்தில், அதிகபட்சம் ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு 2010 ஏப்ரலில் ஒரு ஃபிஷிங் (போலி மின்னஞ்சல் மோசடி) வழக்கில் ஒரு தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவே சாட்சி.

செலவும் குறைவு. 20 லட்சம் ரூபாய் கேட்டால் இங்கே கட்டணம் முதல் லட்சத்துக்கு 5,000, மீதிக்கு 2 சதவீதம் என்று சுமார் 43,000 ரூபாய். அதே தொகைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில், 2017ல் 7.5 சதவீதத்திலிருந்து குறைக்கப்பட்ட 3 சதவீதக் கணக்கில், 60,000 ரூபாய் ஆகும். இழப்பீட்டைக் கணக்கிடும்போது நம் நட்டத்தோடு எதிர்த்தரப்புக்குக் கிடைத்த முறையற்ற லாபத்தையும் பார்க்கும்படி 47ஆவது பிரிவு சொல்கிறது. நம் நட்டத்தை ரூபாயாகக் காட்டத் திணறும் வியாபாரிக்கு இது பெரிய உதவி.

ஆனாலும் இதை இரண்டாவது கதவாகவே வைக்கிறேன். நாளைக் காலையே பட்டியலைப் பயன்படுத்தாதே என்று நிறுத்திவைக்க வேண்டியவருக்கு இது உரிய இடம் அல்ல. இது இழப்பீட்டுக்கான மேடை. சென்னைக்குப் போய் வர வேண்டும். மேல்முறையீட்டு வரலாறும் நம்பிக்கை தருவதாக இல்லை: சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 முதல் தலைவர் இல்லாமலே கிடந்து, 2017ல் டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டது. தடையாணை கையில் வந்த பிறகு, நட்டக் கணக்கை ஓர் ஆடிட்டரைக் கொண்டு தயாரித்துக்கொண்டு இங்கே போவதே சரியான வரிசை.

போலீஸ்

43ஆவது பிரிவில் உள்ளதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். ஆளை உள்ளே தள்ளிவிடலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு ஒன்று: இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். நம்பிக்கை மோசடி, ஏமாற்று ஆகிய பிரிவுகளையும் சேர்த்து வழக்கைக் கனமாக்கும் பழக்கம் இருக்கிறது. 2018ல் மும்பை உயர் நீதிமன்றம், ஊழியர்கள் தரவு எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வழக்கில், அதே செயலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கும்போது தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் நிற்காது என்று ரத்து செய்தது.

போலீஸ் இல்லாமல் முடியாத இடம் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்தது யார் என்றே தெரியாமல் ஒரு ஐபி முகவரி மட்டும் கையில் இருந்தால், அது யாருடைய இணைப்பு என்பதை இணைய நிறுவனம் நமக்குச் சொல்லாது. விசாரணை அதிகாரி கேட்டால் சொல்லும். அதையும் தள்ளிப்போடக் கூடாது. பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே 2022ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு. அதற்கு மேல் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதேபோல் தரவை எடுத்ததோடு நிற்காமல் அழித்துவிட்டும் போயிருந்தால், அல்லது நம் மின்னஞ்சலிலிருந்து வியாபாரிகளுக்கு வேறு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பியிருந்தால், யோசிக்காமல் போலீஸுக்குப் போக வேண்டும். பணம் கைமாறிவிட்டிருந்தால் சைபர் நிதி மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அன்றைக்கே அழைக்க வேண்டும்.

மற்றபடி ஆள் யார் என்று தெரிந்த சாதாரணப் பட்டியல் திருட்டுக்குப் போலீஸை முதல் வழியாக நான் சொல்வதில்லை. விசாரணை யார் கையில் இருக்கிறதோ வேகமும் அவர்கள் கையில்தான். நம் கணினியே ஆய்வகத்துக்குப் போய்விட்டால் கொள்முதல் நேரத்தில் கணக்கு எழுத இயந்திரம் இருக்காது. போனவரும் அநேகமாக அடுத்த தெருக்காரர். அவருடைய அப்பா நம் ஆலையிலேயே மூட்டை தூக்கியவராக இருப்பார். ஒரு முதல் தகவல் அறிக்கை அந்தக் குடும்பத்தை என்ன செய்யும் என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

திருபுவனத்துக்கு வேறு கணக்கு

திருபுவனம் பட்டு உற்பத்தியாளர்களிடம் நான் சொல்வது மாறும். அங்கே போகும் பொருள் பெரும்பாலும் டிசைன் கோப்பு: கணினியில் வரைந்து, தறியில் வடிவம் நெய்ய உதவும் ஜக்கார்டு அட்டை அடிப்பதற்காக வைத்திருக்கும் முந்தானை, பார்டர் வடிவம். பதிப்புரிமை இருக்கிறதே என்று இருந்துவிட்டால் ஏமாற்றம்தான். வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத் தகுதியிருந்தும் பதிவு செய்யாத வடிவம், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தியானால் பதிப்புரிமை போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 15ஆவது பிரிவு. புவிசார் குறியீடும் இதில் உதவாது. அது திருபுவனம் என்ற பெயரைக் காக்கிறது, ஒரு கடையின் வடிவத்தை இன்னொரு கடையிடமிருந்து காப்பதில்லை. ஆகவே நன்றாக ஓடும் என்று தோன்றும் வடிவத்தைச் சந்தைக்கு விடும் முன்பே பதிவு செய்வதுதான் வழி. பதிவு இருந்தால் தடையாணை கேட்பது எளிது. இல்லையென்றால் நம்பிக்கை மீறல் ஒன்றை மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருக்கும்.

பேசி முடிப்பது

வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதை நம் ஊரில் பலரும் முதலில் முயல்கிறார்கள். என் எண்ணத்தில் அதற்கான நேரம் தடையாணைக்குப் பிறகு. முன்கூட்டியே நோட்டீஸ் அனுப்பினால் கோப்பை வேறிடத்துக்கு மாற்ற நாமே அவகாசம் கொடுத்ததாகிவிடும்.

இந்த வரிசைக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. தானோட்டிக் கார் நிறுவனமான வேமோவின் பொறியாளர் ஒருவர் விலகும் முன் சுமார் 14,000 கோப்புகளைப் பதிவிறக்கிக்கொண்டார் என்று, அவர் பின்னர் சேர்ந்த ஊபர்மேல் 2017 பிப்ரவரியில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அங்கே கலிஃபோர்னியாவிலும் நம் 27ஆவது பிரிவைப் போலவே, வேலைக்குப் போவதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் மே மாதமே கோப்புகளைத் திருப்பித் தரும்படியும், அந்தப் பொறியாளரைக் குறிப்பிட்ட தொழில்நுட்ப வேலையிலிருந்து விலக்கி வைக்கும்படியும் இடைக்கால ஆணை வந்தது. அடுத்த பிப்ரவரியில், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, ஊபரின் 0.34 சதவீதப் பங்கில் சமரசம் முடிந்தது.

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆலையின் விவகாரம் இதே வரிசையில்தான் முடிந்தது. தடையாணை வந்த பிறகு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசின. வெறும் கடிதமாக எழுதி வாங்காமல், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆவது கட்டளையின்கீழ் சமரசத் தீர்ப்பாணையாகவே பதிவு செய்யச் சொன்னார் வக்கீல். மீறினால் புது வழக்குப் போடத் தேவையில்லை, நிறைவேற்று மனுவே போதும் என்பதால். நிபந்தனைகள் இவை: கோப்பின் எல்லாப் பிரதிகளையும் ஒரு நிபுணர் முன்னிலையில் அழிப்பது, அழித்ததற்குப் பிரமாணப் பத்திரம் தருவது, அந்தச் சம்பா கொள்முதல் முடியும் வரை பட்டியலில் உள்ள விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து இழுக்காமல் இருப்பது. அவர் எதிர் ஆலையிலேயே வேலையைத் தொடரலாம் என்பதும் அதில் எழுதப்பட்டது. பாக்கிச் சம்பளத்தையும் முதலாளி கொடுத்துவிட்டார்.